எதிரியே இல்லாத ஒரு விண்வெளி விளையாட்டு: பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா?

2025 ஜூன் 8

இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பெயர் தெரியாமலே மனத்தில் தங்கிவிட்ட ஒரு விளையாட்டைத் தேடுகிறேன். நினைவில் இருப்பதை இருக்கிறபடியே எழுதுகிறேன்.

விண்வெளியில் கட்டம் கட்டமாக ஒரு பாதை மிதக்கும். அதன்மேல், முதுகுப்புறம் மட்டும் நமக்குத் தெரியும்படி ஒரு சிறிய கப்பல் ஓடும். மேலம்பு விசையை அழுத்தினால் வேகம் கூடும். நீள விசையைத் தட்டினால் துள்ளும். பாதையில் இடையிடையே பள்ளம் இருக்கும், விழுந்தால் அவ்வளவுதான். சுடுவதற்கு ஆயுதமும் இல்லை, சுட்டுத்தள்ள எதிரியும் இல்லை. ஆனாலும் பின்னால் ஏதோ ஒன்று துரத்திக்கொண்டே வந்ததாக ஒரு பதற்றம் நினைவில் இருக்கிறது. படம் கறுப்பு வெள்ளை. சத்தம் கிடையாது. ஒரே ஒரு பாதை மட்டும் எப்படி ஓட்டினாலும் முடிக்க முடியாதபடி அமைந்திருந்தது. அது நிரல் எழுதியவர்கள் விட்ட பிழை என்று நானும் அண்ணனும் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

ஆடியது 1997வாக்கில், டாஸ் இயங்குதளத்தில். மாமா தம் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய 386 கணினி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். விளையாட்டு இருந்த கோப்புறைக்கு யாரோ 'ஸ்பேஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு தேடினால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

2025 ஜூன் 9, காலை

'டிரெயில்பிளேசர்' ஆக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னதால் போய்ப் பார்த்தேன். கிரெம்லின் கிராஃபிக்ஸ் 1986இல் வெளியிட்டது. கமடோர் 64 என்ற வீட்டுக் கணினியின் காலத்து விளையாட்டு. கட்டம் போட்ட பாதையும் பள்ளங்களும் பொருந்துகின்றன. பச்சைக் கட்டம் வேகத்தைக் கூட்டும், சிவப்பு குறைக்கும். இடவலத்தைத் தலைகீழாக்கி நம்மைக் கிறுக்காக்கும் கட்டம் கூட அதில் உண்டு. ஆனால் அதில் உருள்வது பந்து. பந்தையும் கப்பலையும் குழப்பிக்கொள்ளும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. மேலும், நிறக்கட்டங்கள் என்பதே இடிக்கிறது. எங்கள் விளையாட்டில் நிறம் என்ற பேச்சே கிடையாது.

2025 ஜூன் 9, இரவு

கிடைத்துவிட்டது. 'ஸ்கைரோட்ஸ்', 1993. அசையாத ஒரு படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கப்பலின் முதுகை மறக்க முடியுமா?

எழுதியவர்கள் எஸ்தோனியாவைச் சேர்ந்த ப்ளூமூன் இன்டராக்டிவ். யான் தல்லின், அஹ்தி ஹெய்ன்லா, பிரீத் கசேசலு என்ற பள்ளித் தோழர்கள் சேர்ந்து நடத்திய சிறு நிறுவனம். இதற்கு முன்பே, எஸ்தோனியா சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்த காலத்திலேயே, 'காஸ்மோநாட்' என்ற விளையாட்டை எழுதி வெளிநாட்டுக்கு விற்றிருக்கிறார்கள். அதைத்தான் பின்னர் மெருகேற்றி ஸ்கைரோட்ஸ் ஆக்கினார்கள். 10 உலகங்கள், உலகத்துக்கு 3 பாதைகள், ஆக 30. முதலிலிருந்து வரிசையாக முடித்துக்கொண்டு வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்தப் பாதையை வேண்டுமானாலும் எடுத்த எடுப்பில் ஆடலாம்.

இந்த மூவர்தாம் பின்னாளில் கசா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளுக்கும் அதைத் தொடர்ந்து 2003இல் ஸ்கைப்புக்கும் நிரல் எழுதியவர்கள். இதைப் படித்தபோது சிறிது நேரம் எதுவும் ஓடவில்லை. அண்ணன் வெளிநாட்டுக்குப் போன புதிதில் பல ஆண்டுகள் நாங்கள் ஸ்கைப்பில்தான் பேசினோம். ஒரே ஆட்களின் கைவேலையில் முதலில் சண்டை போட்டோம், பிறகு நலம் விசாரித்தோம் என்று ஆகிறது. அந்த ஸ்கைப்பைச் சென்ற மாதம் மூடிவிட்டார்கள். 1993இல் எழுதிய விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, இலவசமாகவே தருகிறார்கள்.

2025 ஜூன் 11

பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டவைக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஏற்றி இரண்டு மணி நேரம் ஆடினேன். ஒன்றும் ஒட்டவில்லை. இது அதுதான், ஆனால் அது இல்லை. காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முயல்கிறேன்.

முதலாவது, பாதை தட்டையாக நசுங்கிக் கிடந்தது. இதற்கு விடை எளிது. இந்த விளையாட்டு விஜிஏ என்ற அக்காலக் கணினித் திரை முறையில், 320க்கு 200 புள்ளிகள் கொண்ட படமாக வரைகிறது. அந்தக் காலத்து மானிட்டர் 4க்கு 3 என்ற வடிவம் உடையது என்பதால் அதே 200 வரிகளையும் திரை முழுக்க இழுத்துக் காட்டும். ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரத்தில் 1.2 மடங்கு இருக்கும். டாஸ்பாக்ஸ் 0.74 அதைத் தானாகச் செய்வதில்லை. அமைப்புக் கோப்பில் 'ஆஸ்பெக்ட்' என்ற வரியை 'ட்ரூ' என்று மாற்றியதும் பாதை நிமிர்ந்தது, கப்பலும் பழைய உடம்புக்கு வந்தது.

இரண்டாவது, ஓட்டத்தில் ஒரு சிறு தடுக்கல். அந்த விஜிஏ படம் நொடிக்கு 70 முறை புதுப்பிக்கப்படும். என் திரை 60 முறை. பொருந்தாத பத்தும் எங்கோ விழுங்கப்படுகின்றன. சாதாரண விளையாட்டில் தெரியாது. பாதை நம்மை நோக்கி ஒரே சீராக வழுக்கிவரும் விளையாட்டில், ரயில் தண்டவாளத்தின் இணைப்பில் தட்டுவதுபோல் தெரிகிறது.

மூன்றாவது, இசை. இந்த விளையாட்டில் இசை இருக்கிறதாம்! சவுண்ட் பிளாஸ்டர் அட்டையில் இருந்த யமஹா சில்லுக்காக எழுதப்பட்ட, கம்பியைச் சுண்டினாற்போன்ற மின்னிசை. நன்றாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் 386இல் ஒலி அட்டையே கிடையாது. விளையாட்டின் மௌனம் விண்வெளியின் மௌனம் என்றும், எழுதியவர்கள் அதை யோசித்தே செய்திருக்கிறார்கள் என்றும் இத்தனை ஆண்டுகள் அவர்களுக்கு ஒரு மரியாதை வைத்திருந்தேன். அட்டை வாங்காத மாமாவுக்குப் போகவேண்டிய மரியாதை அது.

நான்காவது, நிறம். இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இன்னும் கண் கூசுகிறது.

2025 ஜூன் 12

நடுவில் ஒரு சிறு குறிப்பு. வேகமாகப் போகும்போது இடப்புறம் திரும்பியபடியே துள்ள முயன்றால் கப்பல் துள்ள மறுக்கிறது. வலப்புறம் சரியாகத் துள்ளுகிறது. வயதாகிவிட்டது, இடக்கைப் பெருவிரல் தாமதிக்கிறது என்று நேற்று முழுவதும் வருந்திக்கொண்டிருந்தேன். விரல் அல்ல, விசைப்பலகை. மலிவான பலகைகளில் விசைகள் தனித்தனிக் கம்பியில் இல்லாமல் வரிசையும் நிரலுமாகப் பின்னப்பட்டிருக்கும். சில மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் மூன்றாவதை அது கண்டுகொள்ளாது. என் பலகையில் மேலம்பு, இடதம்பு, நீள விசை ஆகிய மூன்றுக்கும் அந்தக் கதிதான். வேறொரு பழைய பலகையைச் செருகினேன், துள்ளியது. மருத்துவச் செலவு மிச்சம்.

2025 ஜூன் 15

இப்போது நிறத்துக்கு வருகிறேன்.

ஸ்கைரோட்ஸ் பாதையின் அகலம் 7 கட்டம். பெரும்பாலான கட்டங்கள் வெறும் தரை. ஐந்து வகைக் கட்டங்கள் மட்டும் தனிக்குணம் உடையவை. சிவப்பில் பட்டால் கப்பல் எரிந்து சிதறும். இளம்பச்சை முன்னால் தள்ளிவிடும். அடர்பச்சை பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கும். அடர்சாம்பலில் ஏறினால் சறுக்கும், திசைமாற்ற முடியாது. நீலத்தில் ஏறினால் ஆக்சிஜனும் எரிபொருளும் முழுதாக நிரம்பும். ஆட்டத்தின் இலக்கணமே இந்த நிறங்கள்தாம். இன்று முதன்முறையாக ஆடும் ஒரு குழந்தைகூட ஐந்து நிமிடத்தில் இதைக் கற்றுக்கொள்ளும்.

நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் மானிட்டர் ஒற்றை வண்ணம். விஜிஏ என்றால் வண்ணம் என்று இன்று நினைக்கிறோம். சாம்பல் சாயல்களை மட்டும் காட்டும் விஜிஏ மானிட்டர்களும் அப்போது விலை குறைவு என்பதால் அலுவலகங்களில் நிறையப் புழங்கின. அது மாமாவின் அலுவலகத்திலிருந்து வந்த மானிட்டர். அதில் இந்த ஐந்து நிறமும் ஐந்து சாம்பலாக, இல்லை, உண்மையில் மூன்று சாம்பலாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். எனவே நாங்கள் நிறத்தைப் பார்த்து ஓட்டவில்லை, இடத்தை மனப்பாடம் செய்து ஓட்டினோம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஏழு ஏழு கட்டமாகப் பாதையை வரைந்து, எங்கே செத்தோம் என்று பென்சிலால் கோடிட்டு வைத்தோம். 'சாவுக்கட்டம்', 'சறுக்கி', 'பசை' என்றெல்லாம் பெயர் வைத்திருந்தோம்.

இன்று அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன்: "அண்ணா, அந்தக் கட்டத்துக்கெல்லாம் நிறம் இருக்கிறது."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எல்லாத்துக்குமாடா?" என்றார்.

பின்னால் துரத்திவந்த அந்த ஏதோ ஒன்றைப் பற்றியும் கேட்டேன். விளையாட்டில் அப்படி எதுவும் இல்லை என்பதை 30 பாதைகளிலும் எட்டிப்பார்த்து உறுதி செய்துகொண்டுதான் கேட்டேன். அவர் சிரித்தார். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்திருந்தோமாம். நான் ஆடும்போது அவர் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று நிமிடங்களை எண்ணுவாராம். "துரத்தியது நான்தான்" என்றார். முதல் குறிப்பில் எதிரி இல்லை என்று எழுதியதை இதன்மூலம் திருத்திக்கொள்கிறேன்.

2025 ஜூன் 16

ஊகித்துக்கொண்டிருப்பதைவிடச் செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒற்றை வண்ண விஜிஏ மானிட்டர், கணினியிலிருந்து வரும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று குறிகைகளில் பச்சையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் அளவைச் சாம்பலாகக் காட்டும். மற்ற இரண்டும் அதற்குக் காதில் விழாத பேச்சு. எனவே ஐந்து வகைக் கட்டமும் வரும் இடங்களில் ஆட்டத்தை நிறுத்தித் திரையைப் படம் பிடித்தேன். படத் திருத்தியில் சிவப்பையும் நீலத்தையும் அழித்துவிட்டுப் பச்சையை மட்டும் சாம்பலாக்கினேன்.

அந்த ஒரு சொடுக்கில் 1997 வந்துவிட்டது.

மிகைப்படுத்தவில்லை. ஒரு வாரமாக ஒட்டாமல் இருந்த விளையாட்டு அந்தக் கணத்தில் ஒட்டிக்கொண்டது. இளம்பச்சைக் கட்டம் மட்டும் ஏறக்குறைய வெள்ளையாக மின்னியது. அதை நாங்கள் 'விளக்கு' என்போம், அந்தப் பெயர் அப்போதுதான் நினைவுக்கே வந்தது. சிவப்பும் அடர்பச்சையும் அருகருகே வந்த இடத்தில் இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்று வேகத்தைக் குறைக்கும், மற்றது கொல்லும். நீலக் கட்டத்தைத் தேடினேன், காணவில்லை. சறுக்கும் கட்டத்தின் பக்கத்தில், அதே கருமையில் பதுங்கிக் கிடந்தது.

நீலம் என்பது நிரப்பும் கட்டம். இதைக் கவனித்ததும் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. ஆனால் அண்ணனிடம் அந்த நோட்டு இருக்கிறதா என்று தெரியும்வரை அதைப் பற்றி எழுதமாட்டேன்.

2025 ஜூன் 18

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு திருத்தம். ஒற்றை வண்ண மானிட்டர் பச்சையை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்பது மானிட்டரைப் பொறுத்தவரை சரி. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. மானிட்டர் ஒற்றை வண்ணம் என்று தெரிந்தால், விஜிஏ அட்டையில் இருக்கும் அடிப்படை நிரல், தன் வழியாக அமைக்கப்படும் நிறங்களை முன்கூட்டியே சாம்பலாகக் கலந்து கொடுத்துவிடும். சிவப்பில் 30 விழுக்காடு, பச்சையில் 59, நீலத்தில் 11 என்பது அந்தக் கலவை. மனிதக் கண்ணுக்குப் பச்சை பிரகாசமாகவும் நீலம் மங்கலாகவும் படும் என்பதை ஒட்டிய எண்கள் இவை. அந்த நிரலைச் சுற்றிக்கொண்டு நேரடியாக அட்டைக்கே நிறத்தை எழுதும் விளையாட்டுகளுக்கு மட்டும் பச்சை ஒன்றே மிஞ்சும். வேகத்துக்காகப் பல விளையாட்டுகள் அப்படித்தான் எழுதின.

ஆகவே அதே படங்களை இந்தக் கலவையிலும் போட்டுப் பார்த்தேன். சிவப்பு கொஞ்சம் தெளிந்து அடர்பச்சையிலிருந்து விலகுகிறது. 'விளக்கு' விளக்காகவே இருக்கிறது. நீலம் மட்டும் இரண்டு கணக்கிலும் தேறவில்லை. பதினொரு விழுக்காட்டை வைத்துக்கொண்டு அது என்னதான் செய்யும். ஆக, சிவப்பைப் பற்றி நான் அவ்வளவு உறுதியாகப் பேசியிருக்கக்கூடாது. நீலத்தைப் பற்றிய சந்தேகம் எந்த வழியில் போனாலும் நிற்கிறது.

2025 ஜூன் 21

நோட்டு இருக்கிறது. அண்ணன் பழைய சான்றிதழ்களோடு சேர்த்து வைத்திருந்தாராம். பதினாறு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஒரு பக்கத்தை விவரிக்கிறேன். இடப்புற ஓரத்தில் கீழிருந்து மேலாக வரிசை எண்கள். கப்பல் மேல்நோக்கித்தானே போகிறது, அதனால் கீழிருந்து. குறுக்கே ஏழு கட்டங்கள். பள்ளத்துக்குப் பெருக்கல் குறி. சாவுக்கட்டத்துக்கு முழுக் கறுப்பு, அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் தாள் பளபளக்கிறது. பசைக்குப் புள்ளிகள். சறுக்கிக்குச் சாய்கோடுகள். துள்ளவேண்டிய இடத்தில் என் கையெழுத்தில் 'கு', அதாவது குதி. அதற்குப் பக்கத்தில் அண்ணன் கையெழுத்தில் 'இங்கே இல்லை, அடுத்ததில்' என்று ஒரு திருத்தம். அழிப்பான் தேய்த்த இடங்களில் தாள் மெலிந்து மறுபக்கத்துப் பாதை நிழலாகத் தெரிகிறது.

பதினொன்றாம் பக்கத்தில்தான் அந்த முடிக்க முடியாத பாதை. தலைப்பில் அண்ணன் பெரிதாக 'முடியாது' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார். பட்டியலின் பின்பாதியில் வரும் நீண்ட பாதை அது. ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் தீர்ந்து ஆட்டம் முடிந்துவிடும்.

பக்கத்தை விளையாட்டின் வண்ணப் பாதையோடு வரிசை வரிசையாக ஒப்பிட்டேன். வழி நெடுகச் சாய்கோடு போட்ட கட்டங்கள், அதாவது சறுக்கிகள். 'தொடாதே' என்ற பொருளில் அவற்றை வளைத்து அம்புக்குறி. அவற்றில் பாதிக்குமேல் சாம்பல். மற்றவை நீலம்.

ஆக்சிஜன் தீர்ந்து செத்துக்கொண்டே, ஆக்சிஜன் நிலையங்களைச் சுற்றிக்கொண்டு போக வழி வரைந்திருக்கிறோம். அதுவும் எவ்வளவு நேர்த்தியாக.

எப்படி ஒருமுறைகூடத் தவறி அதில் ஏறவில்லை என்று கேட்கலாம். ஏறியிருப்போம். நிரம்பும்போது விளையாட்டு ஓர் ஒலியெழுப்பிச் சொல்கிறது. எங்களுக்கு ஒலி இல்லை. திரையின் கீழே ஆக்சிஜன் அளவுமானி உயர்வதும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு வேகத்தில் பாதையை விட்டுக் கண்ணைக் கீழே இறக்கினால் அடுத்த பள்ளத்தில் கிடப்போம். அந்த அளவுமானியை நாங்கள் கடிகாரம் என்றே எண்ணியிருந்தோம். கடிகாரம் இறங்கத்தானே செய்யும், அதை யார் பார்த்துக்கொண்டிருப்பது?

2025 ஜூன் 21, இரவு

மதியம் எழுதியதைப் படித்துப் பார்த்தால் பழி முழுவதும் மானிட்டர் மேலும் ஒலி அட்டை மேலும் விழுந்திருக்கிறது. நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். விளையாட்டின் முதல் திரையிலேயே 'உதவி' என்று ஒரு வரி இருக்கிறது. நாங்கள் அதைத் திறந்ததே இல்லை. உதவி கேட்பது தோற்பதற்குச் சமம் என்பது அண்ணனின் கொள்கை. பத்து நிமிட முறையில் படிப்பதற்கு நேரத்தை வீணாக்கக்கூடாது என்பது என் கொள்கை.

2025 ஜூன் 23

வேறொன்றைத் தேடும்போது கண்ணில் பட்டது. இதுவும் கொஞ்சம் வலிக்கிறது. கப்பலின் முகப்புப் பலகையில் 'ஜம்ப் ஓ மாஸ்டர்' என்று ஒரு சிறு விளக்கு இருக்கிறது. நாம் துள்ளும்போது கணக்குச் சற்றுப் பிசகி, பள்ளத்தில் விழப்போகிறோம் என்றால், கப்பல் தானே வேகத்தைக் கொஞ்சம் சரிசெய்து கட்டத்தின் விளிம்பில் இறக்கிவிடும். அப்படி உதவும்போது அந்த விளக்கு எரியும். எப்போதும் உதவாது, மயிரிழை தப்பும் இடங்களில் மட்டும்.

விளிம்பில் இறங்குவதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அண்ணன் நடுக்கட்டத்தில் இறங்குவார், நான் விளிம்பைப் பிடிப்பேன். அதற்காக அவர் என்னை 'பல்லி' என்று கூப்பிட்டிருக்கிறார். நேற்று ஐம்பது துள்ளல்களை விளக்கைப் பார்த்தபடி எண்ணினேன். விளிம்பில் இறங்கிய பதினெட்டில் பதிமூன்று முறை விளக்கு எரிந்தது. மீதி ஐந்து என்னுடையவை. அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

பக்கத்திலேயே ஈர்ப்பைக் காட்டும் 'கிராவ் ஓ மீட்டர்' எண்ணும் இருக்கிறது. பாதைக்குப் பாதை ஈர்ப்பு மாறும் என்பது மட்டும் எங்களுக்கு அப்போதே தெரியும். கனமான உலகம், லேசான உலகம் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே பிரித்து வைத்திருக்கிறோம். எண்ணைப் பார்த்து அல்ல, துள்ளிப் பார்த்து.

2025 ஜூன் 29

பதினொன்றாம் பக்கத்துப் பாதையை இன்று முடித்தேன். இரண்டு விதமாக முயன்றேன் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

முதலில் வண்ணத்தில். நான்காம் முயற்சியிலேயே இறுதிச் சுரங்கவழிக்குள் கப்பல் நுழைந்துவிட்டது. நீலத்தைக் கண்டால் ஏறு, சாம்பலைக் கண்டால் விலகு. இவ்வளவுதானா என்று இருந்தது. நன்றாக வடிவமைக்கப்பட்ட, கடினமான, ஆனால் நேர்மையான பாதை. இருபத்தெட்டு ஆண்டுகள் அதை எழுதியவர்களைத் திட்டியதற்கு ஒரு மன்னிப்பு பாக்கி.

பிறகு திரையையே சாம்பலுக்கு மாற்றினேன். இயங்குதளத்தில் கண்பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் தரப்பட்டிருக்கும் அமைப்பில் முழுத் திரையையும் சாம்பலாக்கும் வசதி இருக்கிறது. பச்சை ஒன்றை மட்டும் எடுக்கும் முறை அல்ல, ஆனால் நீலம் கருக்கத்தான் செய்கிறது. ஒலியை அடைத்தேன். நோட்டின் படத்தை அச்செடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். நீலக் கட்டங்களை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். கை மேலம்பு விசையில், கண் திரையில், வாய் வரிசை எண்ணைச் சொல்லிக்கொண்டே போகிறது. முப்பத்தோராவது முறை உள்ளே போனேன். முதல் வெற்றியில் வராத கத்தல் இதில் வந்தது. பக்கத்து அறையிலிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

இரண்டாவது முறையில் ஓடியதுதான் நான் தேடிய விளையாட்டு. ப்ளூமூன் எழுதியது முதலாவது. அதைவிட நல்லது, அழகானது. ஆனால் என் கை அறிந்திருப்பது மற்றதை.

2025 ஜூலை 2

அண்ணனிடம் சொன்னேன். நோட்டில் 'முடியாது' என்பதை அடித்துவிட்டுத் தேதி போடச் சொன்னேன். அடிக்கமாட்டாராம். "அந்த மானிட்டர்ல முடியாதுதானே?" என்கிறார். முப்பத்தொரு முறை என்றேன். நோட்டில் வட்டம் போட்டுக்கொண்டு ஆடியதெல்லாம் கணக்கில் சேராது என்கிறார்.

இன்று இரவு அவரும் டாஸ்பாக்ஸ் ஏற்றுகிறார். பாதை நசுங்கித் தெரிகிறது என்று இப்போதே செய்தி வந்துவிட்டது. 'ஆஸ்பெக்ட்' வரியை அனுப்பியிருக்கிறேன். நீலத்தைப் பற்றித்தான் ஏற்கெனவே உளறிவிட்டேன். ஜம்ப் ஓ மாஸ்டர் விளக்கைப் பற்றி அவருக்கு இன்னும் சொல்லவில்லை.